முண்டாரி தமிழுக்குச் சொந்தமா? யார் பேசுறாங்க, எத்தனை வழக்கு?

கேள்வி கேட்ட தம்பி திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருக்காராம். ஜார்கண்ட்ல இருந்து வேலைக்கு வந்த பொண்ணுங்க தங்களுக்குள்ள பேசிக்கிறது இந்தி மாதிரியே இல்லையேனு கவனிச்சு, என்ன பாஷைம்மானு கேட்டிருக்கார், 'முண்டாரி'னு சொல்லியிருக்காங்க. மூக்குக்கு என்ன சொல்வீங்கனு கேட்டா 'மூ'னு வந்திருக்கு. அதுல இருந்து அவருக்கு மூணு சந்தேகம். இது தமிழுக்குச் சொந்தமான பாஷையா, இந்தியோட கிளையா, சந்தாலினு சொல்றாங்களே அதுவும் இதுவும் ஒண்ணா?

நான் மொழியியல் வாத்தியார் கிடையாது. பேங்க் வேலைல நாலு வருஷம் ஜார்கண்ட்ல குந்திங்கிற ஊர்ப் பக்கம் குப்பை கொட்டினவன், அங்க பிடிச்ச பைத்தியம் ரிட்டையர் ஆகியும் விடல, அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். தமிழுக்கும் சொந்தம் இல்ல, இந்திக்கும் சொந்தம் இல்ல. முண்டாரிக்கு ஒன்னுவிட்ட சொந்தக்காரங்க கம்போடியாவுலயும் வியட்நாம்லயும் இருக்காங்க. ஆஸ்ட்ரோ ஆசிய மொழிக்குடும்பம்னு பேரு, அந்தப் பேரை 1906ல வில்ஹெல்ம் ஷ்மிட் வச்சார், அதுல முண்டா கிளைல வர்றதுதான் இது. நம்ப முடியலைனா எண்ணைப் பாருங்க. முண்டாரில மூணு 'அபியா', நாலு 'உபுனியா'. கம்போடியாக்காரங்க கிட்ட மூணு 'பெய்', நாலு 'புவோன்'. வியட்நாம்ல 'பா', 'போன்'. முண்டாரில கை 'தீ', வியட்நாம்ல 'தய்'. கண்ணு 'மேத்', அங்க 'மத்'. பிள்ளை 'ஹொன்', அங்க 'கொன்'. இந்த 'மூ' கூட அப்படித்தான், வியட்நாம்ல மூக்குக்கு 'மூய்'. அதனால நம்ம மூக்கோட அது ஒட்டிக்கிட்டு நிக்கிறது தற்செயல். ரெண்டு வார்த்தை ஒத்துப்போச்சுனா உடனே 'உலகத்துக்கே மூலம் தமிழ்'னு கிளம்பிடாதீங்க, எண்ணும் உடம்பு உறுப்பும் பிரதிப்பெயரும் வரிசையா ஒத்துப்போகணும், அதுலயும் ஒரே ஒழுங்குல ஒத்துப்போகணும், அப்பத்தான் சொந்தம்.

இந்தக் குழப்பம் ஒண்ணும் புதுசு இல்ல. ஆரம்பத்துல வெள்ளைக்காரங்களும் ஜார்கண்ட் பக்கம் இருக்குற சோட்டாநாக்பூர் மலைல பேசுற எல்லா பாஷையையும் ஒரே மூட்டையா கட்டிப் போட்டிருந்தாங்க. 1854ல மாக்ஸ் முல்லர்தான் இது தென்னிந்திய மொழிகள்ல சேராத தனி வகைனு பிரிச்சு, முண்டானு பேர் வச்சது. இவங்க எப்படி இந்தியாவுக்குள்ள வந்தாங்கங்கிறதுல இன்னும் சண்டை ஓயல. பால் சிட்வெல்னு ஒரு மொழியியல்காரர், சுமார் 4000 வருஷத்துக்கு முன்னாடி தென்கிழக்கு ஆசியால இருந்து கடல் வழியா மகாநதி முகத்துவாரத்துல வந்து இறங்கியிருப்பாங்கனு சொல்றார். எனக்கு அது ஏத்துக்கிற மாதிரிதான் இருக்கு, ஆனா முடிஞ்ச வழக்குனு சொல்ல மாட்டேன்.

ஆனா தம்பி, நீங்க ஒரு கதவு தள்ளித்தான் தட்டியிருக்கீங்க. அதே ஜார்கண்ட்ல ராஞ்சி, கும்லா பக்கம் ஓராவோன் ஜனங்க பேசுற குடுக்னு ஒரு பாஷை இருக்கு, அது அசல் திராவிட மொழி. அவங்களுக்கு நான்னா 'ஏன்', நீனா 'நீன்', நாமனா 'நாம்'. உங்க கம்பெனில எவளாவது ஒரு பொண்ணு 'நீன்'னு சொல்லிக் கேட்டா அங்க போய் சொந்தம் கொண்டாடுங்க.

இப்ப பேரு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா முண்டாரியைப் பத்தின பாதிக் குழப்பம் பேருலதான் இருக்கு. முண்டாங்கிறது ஊர்த் தலைவரோட பதவிப் பேரு, பல ஊரைச் சேர்த்துப் பார்க்குறவர் மான்கி, பூசை பண்றவர் பாஹன். வெளில இருந்து வந்தவங்க தலைவர் பேரையே ஜனத்துக்கும் வச்சிட்டாங்க. அவங்க தங்களைச் சொல்லிக்கிறது 'ஹொடோகோ', மனுஷங்கனு அர்த்தம். பாஷைக்கு 'ஹொடோ காஜி', மனுஷப் பேச்சு. அந்த டவை 'வடை'ல வர்ற டை மாதிரி நாக்கை மடிச்சுச் சொல்லணும், நமக்கு அது ஈசிதான். இதே வார்த்தை சந்தாலில 'ஹொட்', மத்தியப் பிரதேசம் மகாராஷ்டிரா எல்லைல இருக்குற கோர்க்கு ஜனங்க கிட்ட 'கொரோ', ஜார்கண்ட்ல சிங்பூம் பக்கம் அந்த நடு டவே கரைஞ்சுபோய் வெறும் 'ஹோ'. அங்க ஜனத்துக்கும் ஹோ, பாஷைக்கும் ஹோதான் பேரு. முண்டாரில வீடு 'ஓடா', ஹோல அது 'ஓவா'. ஆக சந்தாலி, முண்டாரி, ஹோ, பூமிஜ் எல்லாம் அக்கா தங்கச்சிங்க, கேர்வாரினு ஒரே குடும்ப அட்டை. முண்டாரிக்கும் ஹோவுக்கும் தூரம் ரொம்பக் கம்மி, சந்தாலி கொஞ்சம் தள்ளி. ஒண்ணானு கேட்டா ஒண்ணு இல்ல, ஆனா சந்தைல பேரம் பேசி முடிச்சிடலாம்.

எத்தனை பேருனு கேட்டா, 2011 சென்சஸ்ல முண்டாரிக்கு 11,28,228 பேர். இதோட முடிஞ்சா பரவால்ல, அதே பட்டியல்ல 'முண்டா'னு இன்னொரு பாஷை தனியா நிக்குது, அதுக்கு 5,05,922 பேர். ரெண்டையும் கூட்டினா 16 லட்சத்துக்கு மேல. கணக்கெடுக்க வீட்டுக்கு வந்த ஆள் கேட்டப்போ பாஷை பேருக்குப் பதிலா சாதிப் பேரைச் சொன்னவங்க அந்த ரெண்டாவது கணக்குல போயிருப்பாங்கங்கிறது என்னோட அனுமானம், நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான் நடக்கும், 'உங்க பாஷை என்ன'னு கேட்டா 'நாங்க முண்டா சார்'னுதான் பதில் வரும். ஒப்பிட்டுப் பார்க்கணும்னா சந்தாலிக்கு 73 லட்சத்துக்கு மேல, ஹோவுக்கு 14 லட்சத்துக்கு மேல.

இருக்குற இடம் முக்கியமா ஜார்கண்ட்ல குந்தி, ராஞ்சி, மேற்கு சிங்பூம், சிம்டேகா, கும்லா, அப்புறம் ஒடிசால சுந்தர்கட், மயூர்பஞ்ச், கியோஞ்சர், மேற்கு வங்காளம், அசாம் தேயிலைத் தோட்டங்கள். குந்திதான் இருதயம், 2007ல ராஞ்சில இருந்து பிரிச்சுத் தனி மாவட்டம் ஆக்கினாங்க. வெள்ளைக்காரனை எதிர்த்துக் கலகம் பண்ண பிர்சா முண்டா பொறந்த உலிஹாத்து அங்கதான்.

வட்டார வழக்கு நாலுனு பொதுவா சொல்வாங்க. ஹசதா, நாகுரி, தமாடியா, கேரா. ராஞ்சில இருந்து சாய்பாசா போற ரோட்டை ஒரு கோடா வச்சுக்குங்க. ரோட்டுக்குக் கிழக்கால ஹசதா, மேற்கால நாகுரி. ஹசதாக்காரங்களுக்குத் தங்களோடதுதான் சுத்த முண்டாரினு ஒரு கெத்து உண்டு, மதுரைக்காரங்களைப் பார்த்த மாதிரியே இருக்கும். நாகுரில பக்கத்துல பேசுற சாத்ரியோட கலப்பு கூடுதல், சாத்ரிங்கிறது அந்தப் பக்கம் எல்லா ஜாதி ஜனத்துக்கும் பொதுவான சந்தை பாஷை, நாக்புரினும் சொல்வாங்க, அது வடநாட்டு ஆரிய மொழி. தமாடியா, தமாட், புண்டு, சில்லி, ராஹே இருக்குற பஞ்ச்பர்கனா பூமில பேசுறது, இதுக்கு 'லத்தர்'னும் ஒரு பேரு, முண்டாரில லத்தர்னா கீழே, அந்தப் பக்கம் நிலமும் பீடபூமில இருந்து இறங்கித்தான் போகும். இது பூமிஜ்க்கு நெருக்கம், பூமிஜையே முண்டாரியோட ஒரு வழக்குனு சேர்க்குறவங்களும் இருக்காங்க.

நாலாவது கேரா இருக்கே, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். ராஞ்சி டவுனைச் சுத்தி இருக்குற ஒரு கூட்டம் பேசுறது, ஆனா அவங்க முண்டா ஜாதி கிடையாது, ஓராவோன். அதாவது மேல சொன்னேனே, நம்ம குடுக் சொந்தக்காரங்க, அவங்க தங்களோட திராவிட மொழியை விட்டுட்டு முண்டாரிக்கு மாறிட்டாங்க. ஊர் ராஜா பாஷைக்கோ ஆபீஸ் பாஷைக்கோ மாறுறது வேற, பக்கத்து வீட்டுப் பழங்குடி பாஷைக்கு மாறினதுனு கேட்டா எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான். எதிர்ப்பக்கமும் நடந்திருக்கு, முண்டா குடும்பங்கள் பல இடத்துல சாத்ரிக்கு மாறிட்டாங்க, அசாம் தோட்டத்துக்கு 19ம் நூற்றாண்டுல கூலிக்குப் போனவங்க பேரப்பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு முண்டாரி வராது. அதனால பேருக்குப் பின்னாடி முண்டானு இருந்தா முண்டாரி பேசுவாங்கனு எண்ணாதீங்க, ஓராவோன்னா குடுக் பேசுவாங்கனும் எண்ணாதீங்க. நாலு வழக்குக்காரங்களும் ஒருத்தருக்கொருத்தர் புரிஞ்சுக்குவாங்க, திருநெல்வேலியும் கோயமுத்தூரும் பேசிக்கிற மாதிரி, கிண்டல் மட்டும் இருக்கும்.

சொந்தம் இல்லனு சொன்னேன்ல, ஆனா தமிழ் தெரிஞ்சவனுக்கு இந்த பாஷைக்குள்ள போறது இந்திக்காரனை விட ஈசி. காரணம் நாமும் நாங்களும். இந்தில ரெண்டுக்கும் 'ஹம்'தான். முண்டாரில கேக்குறவனையும் சேர்த்தா 'அபு', சேர்க்கலைனா 'அலே'. அதோட விடல, ரெண்டே பேருக்குனு தனியா வேற இருக்கு, நானும் நீயும்னா 'அலாங்', நானும் வேற ஒருத்தனும், நீ இல்லாம, 'அலிங்'. நீங்க ரெண்டு பேர் 'அபேன்', நீங்க எல்லாரும் 'அபே'.

இப்ப பிர்சா முண்டா பேரோட ஒட்டியே வர்ற கோஷத்தை எடுங்க, 'அபுவா திசும், அபுவா ராஜ்'. தமிழ்ல எழுதுறவங்க எல்லாரும் 'எங்கள் நாடு, எங்கள் ஆட்சி'னு போடுறாங்க, நியூஸ்ல பார்த்தாலே எனக்குப் பல்லைக் கடிக்கும். இங்கிலீஷ்ல இருந்து மொழிபெயர்த்தா அப்படித்தான் வரும். அது 'அலேயா' இல்ல, 'அபுவா'. நம்ம நாடு, நம்ம ஆட்சி. வெள்ளைக்கார கமிஷனர் மூஞ்சிக்கு நேரா சொல்றதா இருந்தா 'அலேயா'தான் வரணும், ஏன்னா அவனைச் சேர்க்க முடியாதே. இது தன் ஆளுங்களைப் பார்த்துச் சொன்ன வாக்கியம், ராத்திரி மலை மேல கூடி உக்காந்திருக்குற கூட்டத்துக்குச் சொன்னது. 1899 கடைசில பிர்சா ஆரம்பிச்ச உல்குலான் கலகம், 1900 ஜனவரி 9ம் தேதி டொம்பாரி மலை பக்கம் துப்பாக்கிச் சூட்டுல போய் நின்னுச்சு, அதே வருஷம் ஜூன் 9ம் தேதி பிர்சா ராஞ்சி ஜெயில்ல செத்துப்போனார், வயசு 24. அந்த ஒரு 'அபு'வுல இருக்குற விஷயத்தை இந்தில பத்தி பத்தியா விளக்கணும், தமிழ்ல 'நம்ம'னு ஒரே வார்த்தைல முடிஞ்சிடும், அந்த வசதி இருந்தும் நாம 'எங்கள்'னு எழுதுறோம்.

அடுத்து திணை. நமக்கு உயர்திணை, அஃறிணை. முண்டாரில ஆண் பெண் பேதம் இலக்கணத்துல கிடையாது, உயிர் இருக்கா இல்லையாங்கிறதுதான் கோடு, நாயும் கோழியும் மனுஷனோட சேர்ந்து மேல் வரிசைல நிக்கும். தங்கச்சி பாஷையான சந்தாலில சூரியன், சந்திரன், நட்சத்திரத்தையும் உயிருள்ளதுல சேர்க்குறாங்க. இது சும்மா வகைப்படுத்துறது இல்ல, வினைச்சொல்லே மாறும். மலையைப் பார்த்தேன்னா 'புருஞ் லேல்கெதா'. நாய்களைப் பார்த்தேன்னா 'சேதாகோஞ் லேல்கெத்கோஆ'. நாய்ங்கிறது 'சேதா', 'கோ' பன்மை, வினைக்குள்ள மறுபடி ஒரு 'கோ' வந்து உக்காருது பாருங்க, மலைக்கு அப்படி எதுவும் வரல. ரெண்டே நாயினா ரெண்டு இடத்துலயும் 'கிங்'. இன்னொரு வேடிக்கை, 'நான்'ங்கிறதுக்கான அந்த 'ஞ்' வினையோட ஒட்டாம அதுக்கு முன்னாடி இருக்குற வார்த்தையோட வால்ல ஒட்டிக்குது. சோறு சாப்பிடுறேன்னா 'மண்டிஞ் ஜோம்தானா', மண்டி சோறு, ஜோம் தின்னு, 'நான்' போய் சோத்து மேல உக்காந்திருக்கு. எனக்கு இது புரியவே ஆறு மாசம் ஆச்சு, நான் பேசுறதைக் கேட்டு பேங்க் வாசல்ல உக்காந்திருக்குற பாட்டிங்க எல்லாம் சிரிச்சே செத்தாங்க.

தமிழ்ல எதையும் வார்த்தைக்குக் கடைசிலதான் ஒட்டுவோம். முண்டாரி வார்த்தையோட வயித்தைக் கிழிச்சு உள்ள வைக்கும். 'தல்'னா அடி, நடுவுல ஒரு ப போட்டு 'தபல்', ஒருத்தரையொருத்தர் அடிச்சுக்கிறது. 'லேல்' பாரு, 'லேபேல்' ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிறது. ன போட்டா பெயர்ச்சொல், 'துப்' உக்காரு, 'துனுப்' கூட்டம், மீட்டிங். 'ஓல்' எழுது, 'ஓனோல்' எழுத்து. கம்போடியா பாஷைலயும் இந்த மாதிரி நடுவுல சொருகுற பழக்கம் உண்டு, பழைய ரத்தம் எங்கயோ ஓடிட்டுத்தான் இருக்கு.

இந்த பாஷைக்கு உலகப் புகழ் கிடைச்சதே ஒரு தகராறாலதான். ஜான் பாப்டிஸ்ட் ஹோஃப்மன்னு ஒரு ஜெர்மன் ஏசுசபைப் பாதிரியார், 1903ல முண்டாரி இலக்கணம் எழுதினார். முண்டாரில பெயர், வினை, பெயரடைனு பிரிவே கிடையாது, எந்த வார்த்தையும் எதுவா வேணா நடிக்கும்னு சொன்னார். 'புரு'னா மலை, 'சான்கோ புருகெதா'னா விறகைக் குவிச்சாங்க, அதாவது விறகை மலையாக்கிட்டாங்க. ரொம்ப காலம் எல்லாரும் இதையே மேற்கோள் காட்டிட்டு இருந்தாங்க. 2005ல நிக்கோலஸ் எவான்ஸ், தோஷிகி ஒசாடானு ரெண்டு மொழியியல்காரங்க சேர்ந்து, அப்படி எல்லாம் இல்ல, உத்துப் பார்த்தா பிரிவு இருக்கு, மலைங்கிற வார்த்தை வினையா வரும்போது அர்த்தம் 'குவி'னு மாறிடுதே, அப்புறம் எப்படி ரெண்டும் ஒண்ணாகும்னு எழுதினாங்க, பதிலுக்குப் பதில் வேற ஆளுங்க எழுதினாங்க. எனக்கு எவான்ஸ் பக்கம்தான் சரியாப்படுது, ஆனா ஹோஃப்மனைக் குறைச்சு மதிக்க முடியாது. அந்த மனுஷன் அகராதினு ஆரம்பிச்சு, கலப்பை, கல்யாணம், பேய், பாட்டு, நெல்லு வகைனு முண்டா வாழ்க்கை மொத்தத்தையும் பதினஞ்சு தொகுதிக்குப் போற கலைக்களஞ்சியமா எழுதி வச்சார். பழங்குடி நிலம் வெளியாள் கைக்குப் போகக் கூடாதுனு வந்த 1908 சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்துலயும் அவருக்குப் பங்கு உண்டு. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரர்ங்கிற ஒரே காரணத்துக்கு நாட்டை விட்டு அனுப்பிட்டாங்க, 1928ல செத்துப்போனார், புஸ்தகம் அச்சுல வந்தது அதுக்கு அப்புறம்தான்.

நம்ம இரட்டைக்கிளவியை நினைச்சுப் பெருமைப்படுறோம்ல, சலசல, பளபளனு. முண்டாரிகாரங்க அதுல நம்மளைத் தூக்கிச் சாப்பிட்டுடுவாங்க. நமக்குப் பெரும்பாலும் சத்தமும் பார்வையும்தான், அவங்களுக்கு மனசுக்குள்ள நடக்குறதுக்கும் உண்டு. 'ராவா தாவா'னு ஒண்ணு இருக்கு, சுத்தி யாரும் இல்ல, இப்ப ஒரு தப்பு பண்ணா எவனும் பார்க்க மாட்டான்னு திடீர்னு உறைக்குமே, அந்த நொடிக்குப் பேரு. 'ரிபுய் திபுய்'னா குண்டா இருக்குறவங்க நடக்கும்போது பின்பக்கம் ரெண்டும் உரசிக்கிற அசைவு, சத்தம், காட்சி எல்லாம் சேர்த்து. ஒசாடாவும் நேதன் பாடெனோக்கும் சேர்ந்து இந்த வகை வார்த்தைக்கு மட்டும் தனி அகராதியே போட்டிருக்காங்க, 2019ல.

எழுத்து விஷயம் சீக்கிரம் சொல்லிடுறேன். ஜார்கண்ட்ல தேவநாகரி, ஒடிசால ஒடியா எழுத்து, மிஷன் புஸ்தகம் பலதும் ரோமன் எழுத்து, இப்படி ஒரே பாஷை சிதறிக் கிடந்துச்சு. சந்தாலிக்கு 1925லயே ரகுநாத் முர்மு ஓல் சிக்கி எழுத்து உண்டாக்கினார், ஹோவுக்கு லாகோ போத்ரா வாராங் சிதி. முண்டாரிக்கு ஒடிசாவைச் சேர்ந்த ரோஹிதாஸ் சிங் நாக் ஒண்ணு உண்டாக்கினார், முண்டாரி பானினு சொல்வாங்க, 27 எழுத்து, நாக் முண்டாரிங்கிற பேர்ல 2022ல கம்ப்யூட்டர் எழுத்துப் பட்டியலான யுனிகோட்ல சேர்ந்துச்சு. ஆனா நான் இருந்த வரைக்கும் குந்தி சந்தைல ஒரு போர்டு கூட அதுல பார்த்ததில்ல, எல்லாம் தேவநாகரிதான்.

சர்க்கார் பக்கம், சந்தாலி 2003ல அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணைக்குப் போயிடுச்சு, முண்டாரி இன்னும் வாசல்ல நிக்குது. ஜார்கண்ட்ல மட்டும் 2011ல இருந்து இரண்டாம் ஆட்சிமொழிகள்ல ஒண்ணு. ராஞ்சி யுனிவர்சிட்டில பழங்குடி மொழிகளைப் பாடமாக்குறதுல முன்னாடி நின்னவர் ராம் தயாள் முண்டா, தமாட் பக்கம் தியூரி கிராமத்துக்காரர், சிகாகோல மொழியியல் படிச்சு மினசோட்டால வாத்தியாரா இருந்துட்டு ஊருக்குத் திரும்பி துணைவேந்தர் வரைக்கும் ஆனவர், 2011ல காலமானார். 2025ல மத்திய பழங்குடியினர் அமைச்சகம் ஆதி வாணினு ஒரு மொழிபெயர்ப்பு ஆப் விட்டிருக்கு, முதல் கட்டத்துலயே சந்தாலி, பீலி, கோண்டியோட முண்டாரியும் இருக்கு, வேணும்னா இறக்கிப் பாருங்க.

கடைசியா தம்பிக்கு ஒரு டிப்ஸ். அந்தப் பொண்ணுங்களைப் பார்த்தா 'ஜோஹார்'னு சொல்லுங்க, அதுதான் அவங்க வணக்கம். அப்புறம் ஊர் ராஞ்சி சாய்பாசா ரோட்டுக்குக் கிழக்கா மேற்கானு கேளுங்க, திருப்பூர்ல ஒரு சூப்பர்வைசர் இதைக் கேக்குறாரேனு அதுலயே பாதி பேர் மயங்கி விழுந்துடுவாங்க. தண்ணிக்கு 'தா', ஆனா அதை நீட்டி இழுக்கக் கூடாது, கடைசில தொண்டையை டக்குனு அடைச்சு நிறுத்தணும், விக்கல் பாதில நின்ன மாதிரி. முதல் பத்து தடவை தப்பாத்தான் வரும், அவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.